165:165:85 – பதில் வராத கடிகாரத்தின் கணக்கு

ஆர்டுயினோ பலகையில் கடிகாரச் சில்லை முதன்முறையாக இணைத்துப் பார்க்கும் மாணவர்கள் பலர் இந்த விடையைச் சந்தித்திருப்பார்கள்: தேதி 2165-165-165, நேரம் 165:165:85. சில்லு கெட்டுப்போயிற்று என்று முடிவுகட்டி அடுத்ததை வாங்குவார்கள். புதுச் சில்லைப் பொருத்தினாலும் அதே 165 வந்து நிற்கும்.

அந்த எண் குப்பையல்ல. நிரல் சில்லிடம் 7 பைட் கேட்கிறது: விநாடி, நிமிடம், மணி, கிழமை, நாள், மாதம், ஆண்டு. எதிர்முனையில் யாரும் பதில் தராவிட்டால் படிக்கும் கட்டளை −1 என்ற மதிப்பைத் தரும். 8 பிட்டில் அது 255. கடிகாரச் சில்லு எண்களை பி.சி.டி. முறையில் வைத்திருப்பதால் (மேல் 4 பிட்டில் பத்துகள், கீழ் 4 பிட்டில் ஒன்றுகள்) லைப்ரரி அதைச் சாதாரண எண்ணாக மாற்ற மேல்பாதியின் 6 மடங்கைக் கழிக்கிறது: 255 − (6 × 15) = 165. விநாடி பைட்டின் உச்சி பிட் வேறு வேலைக்கானது என்பதால் அது முதலிலேயே நீக்கப்படும்: 127 − (6 × 7) = 85. ஆண்டுக்கு 2000 + 165 = 2165. சில லைப்ரரிப் பதிப்புகளில் மாதமும் 85 ஆகக் காட்டும்.

ஆக, 165 சொல்வது ஒன்றுதான்: கேள்வி போனது, பதில் வரவில்லை. சில்லு கெட்டதற்கு அது சாட்சி அல்ல. மைக்ரோகண்ட்ரோலருக்கும் கடிகாரத்துக்கும் இடையே பேச்சு முறியும்போது தோன்றும் பிழைகள் பெரும்பாலும் இப்படி எண்ணோடுதான் வருகின்றன. அந்த எண்ணே பழுதுள்ள இடத்தைக் காட்டிவிடும். எனவே பொருளை மாற்றும் முன் எண்ணைப் படிக்க வேண்டும். அதற்கான வரவு செலவுக் கணக்கு இது.

பிழையும் அதன் அளவும்

தனிக் கடிகாரச் சில்லு எதற்கு என்ற கேள்விக்கே எண்தான் பதில். ஆர்டுயினோ யூனோ ஆர்3 பலகையின் மைக்ரோகண்ட்ரோலரான ஏடிமெகா 328பி, 16 மெகாஹெர்ட்ஸ் பீங்கான் ரெசொனேட்டரில் ஓடுகிறது. அதன் தொடக்க விலகல் வரம்பு ±0.5 விழுக்காடு. நாளொன்றுக்கு 86,400 விநாடி, அதில் 0.5 விழுக்காடு 432 விநாடி, அதாவது 7 நிமிடம் 12 விநாடி. போதாக்குறைக்கு, மில்லி விநாடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

தனிக் கடிகாரச் சில்லுகளின் விலகல் வரம்பு இவ்வாறு:

டிஎஸ் 1307, ±20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) படிகத்துடன்: நாளுக்கு 1.73 விநாடி, மாதத்துக்கு 52 விநாடி, ஆண்டுக்குப் பத்தரை நிமிடம்.
டிஎஸ் 3231எம், ±5 பி.பி.எம்.: நாளுக்கு 0.43 விநாடி, ஆண்டுக்கு 2 நிமிடம் 38 விநாடி.
டிஎஸ் 3231, 0 முதல் 40 டிகிரி வரை ±2 பி.பி.எம்.: நாளுக்கு 0.17 விநாடி, ஆண்டுக்கு 63 விநாடி.

டிஎஸ் 1307-இன் 32,768 ஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரியில்தான் தன் சரியான வேகத்தில் ஓடும். அதிலிருந்து விலகும் ஒவ்வொரு டிகிரியின் வர்க்கத்துக்கும் ஏறத்தாழ 0.034 பி.பி.எம். மெதுவாகும். கோடையில் மூடிய பெட்டிக்குள் 40 டிகிரி என்றால் 15 × 15 × 0.034 = 7.65 பி.பி.எம்.; நாளுக்கு 0.66 விநாடி பின்தங்கும். குளிரிலும் இதே திசையில்தான் பிழை, பின்னோக்கி. டிஎஸ் 3231 தன் வெப்பநிலையை 64 விநாடிக்கு ஒருமுறை அளந்து, இந்த விலகலைத் தானே சரிசெய்துகொள்கிறது.

பழுது பார்ப்பவருக்கு இந்தப் பட்டியல் நேரடியாக உதவும். கடிகாரம் நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி தவறினால் படிகம் தன் இயல்பில்தான் இருக்கிறது. நாளுக்கு நிமிடக்கணக்கில் தவறினால், நிரல் சில்லிடம் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை நேரத்தைக் கேட்டுக்கொண்டு, பிறகு பலகையின் சொந்த ரெசொனேட்டரை நம்பி ஓடுகிறது என்று பொருள். அங்கே வயரைத் தொட வேண்டியதே இல்லை, நிரலைத் திருத்தினால் போதும்.

நான்கு வயர், 112 முகவரி

டிஎஸ் 1307, டிஎஸ் 3231 இரண்டும் ஐ2சி என்னும் இருகம்பித் தொடரிணைப்பில் பேசுபவை. 1980-களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் உருவாக்கிய முறை இது. தரவுக்கு எஸ்.டி.ஏ., துடிப்புக்கு எஸ்.சி.எல்., மின்சாரத்துக்கு இரண்டு என மொத்தம் 4 வயர். இந்தக் கம்பிகள் எந்தப் பின்னில் போக வேண்டும் என்பது பலகைக்குப் பலகை மாறும். யூனோவில் ஏ4, ஏ5; மெகாவில் 20, 21; லியோனார்டோவில் 2, 3. யூனோவுக்கு எழுதிய படத்தைப் பார்த்து மெகாவின் ஏ4, ஏ5-இல் செருகினால் 165 நிச்சயம். கடிகாரத் தொகுதிக்குத் தனி மின்சாரம் கொடுப்பவர்கள் இரண்டு கிரவுண்டையும் சேர்க்க மறந்தாலும் இதே விளைவுதான்: இரு பக்கத்துக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட் இல்லாமல் 1 எது, 0 எது என்ற தீர்ப்பே இல்லை.

முகவரி 7 பிட் கொண்டது. 128 இடத்தில் 16 ஒதுக்கீடு போக 112 மிச்சம். இரு சில்லுக்கும் முகவரி ஹெக்ஸ் 68, அதாவது 104. இதோடு எழுத 0, படிக்க 1 என்று எட்டாவது பிட் சேர்ந்தால் கம்பியில் ஓடுவது 208 அல்லது 209. ஆர்டுயினோவின் வயர் லைப்ரரிக்கு 104 தர வேண்டும். 208 தந்தால் பதில் வராது.

முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர் நிரல்தான் முதல் சோதனை. செலவு இல்லை. பரவலாக விற்கும் இசட்எஸ்-042 தொகுதியில் டிஎஸ் 3231 உடன் 4,096 பைட் நினைவகச் சில்லு ஒன்றும் இருக்கிறது. அதன் வழக்கமான முகவரி ஹெக்ஸ் 57, அதாவது 87. ஒரே கம்பியில் இரண்டு சில்லு இருப்பது பழுது பார்ப்பவருக்குப் பெரிய வசதி:

87, 104 இரண்டும் வந்தால்: வயர் சரி, மின்சாரம் சரி, சில்லும் சரி. கோளாறு நிரலில்.
87 மட்டும் வந்தால்: வயர் நான்கும் சரி. கடிகாரச் சில்லையும் அதன் சால்டரையும் பார்க்க வேண்டும்.
இரண்டும் வராவிட்டால்: இரு சில்லும் ஒரே நேரத்தில் கெடுவது அரிது. வயரையும் பின்னையும் வோல்ட்டையும் பார்க்க வேண்டும்.

104 வந்தும் நேரம் தாறுமாறாக இருந்தால் கம்பியில் வேறு யார் இருக்கிறார் என்று பார்க்கவும். எம்பியு-6050 அசைவு உணரியின் முகவரியும் 104-தான். இருவரும் ஒரே பெயருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். உணரியின் ஏடி0 பின்னை உயர் நிலைக்குக் கொண்டுபோனால் அது 105-க்கு மாறிவிடும்.

வயர் லைப்ரரியும் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. அதைக் கேட்டு வாங்காமல் விடுபவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். 0 என்றால் நலம். 1 என்றால் தரவு இடையகத்தில் அடங்கவில்லை. யூனோவில் அதன் அளவு 32 பைட். 2 என்றால் முகவரிக்கு யாரும் தலையசைக்கவில்லை. 3 என்றால் முகவரியை ஏற்ற சில்லு தரவை ஏற்கவில்லை. 4 பிற பிழை. 5 காலக்கெடு முடிந்தது. இந்த ஒற்றை இலக்கத்தைத் திரையில் அச்சிடும் ஒரு வரி, பல மணிநேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

வோல்ட்டும் ஓமும்

மல்டிமீட்டரை எடுக்க வேண்டிய இடம் இது. பேச்சு இல்லாத வேளையில் இரு தரவுக் கம்பிகளும் உயர் நிலையில், 5 வோல்ட் பலகையில் ஏறத்தாழ 5 வோல்ட்டில் இருக்க வேண்டும். 0 வோல்ட் வந்தால் மேலே இழுக்கும் புல்-அப் மின்தடை இல்லை, அல்லது யாரோ கம்பியைக் கீழே பிடித்து வைத்திருக்கிறார்கள்.

டிஎஸ் 1307-க்குத் தேவை 4.5 முதல் 5.5 வோல்ட். அதற்குள்ளே ஒரு விதி உண்டு: மின்சாரம் பேட்டரி வோல்ட்டின் 1.25 மடங்குக்குக் கீழே போனால் சில்லு வெளியுலகத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு, நேரத்தை மட்டும் காக்கும். 3 வோல்ட் பேட்டரிக்கு அந்தக் கோடு 3.75 வோல்ட். எனவே 3.3 வோல்ட் பலகையில் டிஎஸ் 1307 இணைத்தால் சில்லு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே 165-தான் வரும். பேட்டரி வைக்காதவர்கள் அந்த முனையைக் கிரவுண்டில் இணைக்க வேண்டும் என்பதும் தயாரிப்பாளரின் நிபந்தனை. அந்தரத்தில் விட்டால் சில்லு எப்போது பேசும் என்று சொல்ல முடியாது. டிஎஸ் 3231 இந்த விஷயத்தில் தாராளம்: 2.3 முதல் 5.5 வோல்ட் வரை.

புல்-அப் கம்பியை 3.3 வோல்ட்டில் கட்டி, மறுமுனையில் 5 வோல்ட் யூனோவை வைப்பவர்கள் இன்னொரு கணக்கைப் போட வேண்டும். ஏடிமெகா 328பி இந்தக் கம்பிகளில் 1 என்று உறுதியாக ஏற்கும் அளவு தன் மின்சாரத்தில் 0.7 பங்கு: 5 × 0.7 = 3.5 வோல்ட். 3.3 வோல்ட் என்பது 0.2 வோல்ட் குறைவு. மேசையில் வேலை செய்யலாம், உறுதி கிடையாது.

மின்தடையின் மதிப்புக்கும் மேல் வரம்பு, கீழ் வரம்பு இரண்டும் உண்டு. ஒரு சில்லு கம்பியைக் கீழே இழுக்கும்போது 3 மில்லி ஆம்பியர் வரை தாங்குவதாகக் கணக்கு. (5 − 0.4) ÷ 0.003 = 1,533 ஓம். அதற்குக் கீழே போகக் கூடாது. தொகுதிகள் பலவற்றில் 4.7 கிலோ ஓம் மின்தடை ஏற்கெனவே இருக்கும். தொகுதிகள் கூடக்கூட அவை இணையாகச் சேர்ந்து குறையும்:

1 தொகுதி: 4,700 ஓம், 0.98 மில்லி ஆம்பியர்
2 தொகுதி: 2,350 ஓம், 1.96 மில்லி ஆம்பியர்
3 தொகுதி: 1,567 ஓம், 2.94 மில்லி ஆம்பியர்
4 தொகுதி: 1,175 ஓம், 3.91 மில்லி ஆம்பியர்

மூன்று வரை நன்றாக ஓடிய அமைப்பு நான்காவதைச் சேர்த்ததும் தடுமாறினால், நான்காவது தொகுதியைக் குறை சொல்வதற்கு முன் இந்த வரியைப் பார்க்க வேண்டும். கூடுதல் மின்தடைகளைக் கழற்றினால் போதும்.

மேல் வரம்பைக் கம்பியின் மின்தேக்கம் தீர்மானிக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸில் கம்பி 0-விலிருந்து 1-க்கு ஏற 1,000 நானோ விநாடி அவகாசம். 400 கிலோஹெர்ட்ஸில் 300 மட்டுமே. 4.7 கிலோ ஓமுக்கு இது 251 பிக்கோஃபாரட், 75 பிக்கோஃபாரட் என்று ஆகிறது. மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் உள்ள கேபிள் என்று வைத்து, சில்லுகளின் பின்களுக்கு 20 கழித்தால், முதல் வேகத்தில் 2.3 மீட்டர் தூரம் போகலாம். இரண்டாவதில் 55 சென்டிமீட்டர்தான். நீளமான கேபிளில் பிழை வந்தால் முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது.

வெளி மின்தடையே இல்லாமல் ஏடிமெகாவின் உள் மின்தடையை நம்புவோர் உண்டு. அதன் மதிப்பு 20 முதல் 50 கிலோ ஓம். 50 கிலோ ஓமில் 100 கிலோஹெர்ட்ஸுக்குத் தாங்கும் மின்தேக்கம் 24 பிக்கோஃபாரட் மட்டும். மைக்ரோகண்ட்ரோலர், கடிகாரம், நினைவகம் ஆகிய மூன்று பின்களுக்கும் பத்துப் பத்தாகக் கணக்கிட்டாலே 30. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்ற புகாருக்கு இந்த 6 பிக்கோஃபாரட் பற்றாக்குறையே காரணமாக இருக்கக்கூடும். ஓரிரு ரூபாய் மின்தடை இரண்டு அதைத் தீர்த்துவிடும்.

பிட்டுகளின் வரவு செலவு

ஒருமுறை நேரம் படிக்க எழுதும் முகவரி 9 பிட், பதிவேட்டு எண் 9 பிட், படிக்கும் முகவரி 9 பிட், 7 பைட்டுக்கு 63 பிட், மொத்தம் 90. 100 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.9 மில்லி விநாடி. ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியாகக் கேட்டால் 36 × 7 = 252 பிட், இரண்டரை மில்லி விநாடி. நேரம் வீணாவதைவிடப் பெரிய நஷ்டம் வேறு: 10:59:59-இல் நிமிடத்தைப் படித்து, மணியைப் படிப்பதற்குள் 11 ஆகிவிட்டால் பதிவாவது 11:59. ஒரு மணிநேரப் பிழை, எப்போதோ ஒருமுறை மட்டும். மொத்தமாகக் கேட்டால் சில்லு அந்தக் கணத்தின் நேரத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு தருவதால் இந்த ஆபத்து இல்லை.

பி.சி.டி.யை மாற்ற மறந்த நிரலையும் எண்ணே காட்டிக்கொடுக்கும். விநாடி 9-க்குப் பிறகு 16-க்குத் தாவும். 25-க்குப் பிறகு 32. கடைசியில் 89-ஐத் தொட்டு 0-க்குத் திரும்பும். விநாடி மாறாமல் நின்றுபோயிருந்தால் டிஎஸ் 1307-இன் முதல் பதிவேட்டில் உச்சி பிட்டைப் பார்க்கவும். அது 1 ஆக இருக்கும்வரை அலைவி ஓடாது. விநாடியை ஒருமுறை எழுதினால் 0 ஆகிவிடும். மின்சாரம் வரும்போதெல்லாம் ஒரே பழைய நேரத்திலிருந்து கடிகாரம் தொடங்கினால், நிரல் தொகுக்கப்பட்ட நேரத்தை எழுதும் வரி நீக்கப்படாமல் இருக்கிறது.

யூனோவின் சீரியல் மானிட்டரைத் திறந்தாலே பலகை மீளத் தொடங்கும். சில்லு ஒரு பைட்டைத் தந்துகொண்டிருக்கும் நடுவில் அது நேர்ந்தால், மிச்சப் பிட்டுகளுக்காகக் காத்துக்கொண்டு சில்லு தரவுக் கம்பியைக் கீழேயே பிடித்திருக்கும். எஸ்.சி.எல். கம்பியில் 9 துடிப்பு அனுப்பினால் விட்டுவிடும். மின்சாரத்தை அணைத்துப் போட்டாலும் பேட்டரியுள்ள சில்லு சில நேரம் விடாது என்பதால், இந்த 9 துடிப்பை நிரலின் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

பேட்டரிக் கணக்கு

டிஎஸ் 1307 பேட்டரியில் எடுப்பது அதிகபட்சம் 500 நானோ ஆம்பியர். 48 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிகூட 96,000 மணி, ஏறத்தாழ 11 ஆண்டு தாங்கும். டிஎஸ் 3231-க்கு அதிகபட்சம் 3 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தால், 220 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட சிஆர் 2032 பேட்டரியில் 8 ஆண்டுக்கு மேல். ஆகவே சில மாதத்தில் நேரம் 2000 ஜனவரி 1-க்குத் திரும்பினால், பேட்டரி தீர்ந்தது என்பதைவிடப் பேட்டரி தொடவே இல்லை, அல்லது பாழானது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

பாழாவதற்கு ஒரு காரணம் தெரிந்ததே. இசட்எஸ்-042 தொகுதியில் பேட்டரிக்கு மின்னேற்றும் சுற்று உண்டு. ஒரு டையோடும் 200 ஓம் மின்தடையும். 5 வோல்ட்டில் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது ஏறத்தாழ 4.4 வோல்ட். சிஆர் 2032 மின்னேற்றத்தக்கது அல்ல. அது வீங்கும், கசியும், ஆபத்தும் உண்டு. மின்னேற்றத்தக்க எல்ஐஆர் 2032-க்கும் முழு வரம்பு 4.2 வோல்ட்தான். அந்தச் சிறு மின்தடையைக் கழற்றிவிட்டுச் சிஆர் 2032 போடுவதே பாதுகாப்பு. இதைப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் கட்டாயம் செய்யச் சொல்வேன்.

வானத்துக் கடிகாரம்

இன்னும் துல்லியம் வேண்டுவோர் ஜி.பி.எஸ். தொகுதிக்குப் போவார்கள். நியோ-6எம் தரும் விநாடித் துடிப்பின் துல்லியம் 30 நானோ விநாடி. ஆனால் தேதியும் நேரமும் சாதாரண சீரியல் கம்பியில் 9,600 பாட் வேகத்தில் வருகின்றன. ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ விநாடி. பைட்டுக்கு 10 பிட். விநாடிக்கு 960 பைட். ஆர்டுயினோவின் பெறும் இடையகம் 64 பைட். அது நிரம்ப 67 மில்லி விநாடி போதும். நிரலில் ஒரு விநாடி காத்திருப்பு எழுதினால் தொகுதி அனுப்பும் செய்தி வாக்கியங்கள் நடுவில் அறுந்து வருவதற்கு இதுவே காரணம்.

ஒன்றும் வராவிட்டால் அனுப்பும் பின் பெறும் பின்னோடு குறுக்காக இணைந்திருக்கிறதா என்று பார்க்கவும். குப்பை எழுத்து வந்தால் பாட் வேகம். வேகத்தைக் கூட்ட நினைப்பவர்களுக்கு: 16 மெகாஹெர்ட்ஸிலிருந்து 115,200 சரியாகப் பிரியாது, கிடைப்பது 111,111 அல்லது 117,647, அதாவது 3.5 விழுக்காடு குறைவு அல்லது 2.1 விழுக்காடு கூடுதல். 9,600-க்கு 0.16 விழுக்காடு மட்டுமே பிழை.

எழுத்தெல்லாம் தெளிவாக வந்தும் நேரம் தவறினால், வித்தியாசத்தை எழுதி வைத்துப் பாருங்கள். சரியாக 5 மணி 30 நிமிடம் என்றால் அது உலக நேரம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 19,800 விநாடி கூட்ட வேண்டும். சரியாக 18 விநாடி முன்னால் போனால் லீப் விநாடித் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை. 2017 ஜனவரி 1 முதல் ஜி.பி.எஸ். நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள இடைவெளி 18, அதைத் தாங்கிய முழுச் செய்தி வானிலிருந்து இறங்க 12.5 நிமிடம் ஆகும். 7,168 நாள் பின்னால் போனால் 1,024 வாரத்தில் திரும்பும் வார எண்ணின் சுழற்சி. கடைசியாக 2019 ஏப்ரலில் நடந்தது. இந்த மூன்றிலும் இணைப்பின் மேல் பழி இல்லை.

கடைசி வரிக்கு முன்

செலவு குறைந்த வரிசை இது: திரும்பி வந்த எண்ணைப் படிப்பது, ஸ்கேனரை ஓட்டுவது, பின்களைச் சரிபார்ப்பது, கிரவுண்டைச் சேர்ப்பது. நான்குக்கும் காசு செலவில்லை. அடுத்து மல்டிமீட்டர், அடுத்து இரண்டு மின்தடை. புதுத் தொகுதிக்கான சில நூறு ரூபாய் பட்டியலின் கடைசியில்தான் வர வேண்டும்.

இதைவிட முக்கியமான சிக்கனம், எல்லாம் நன்றாக ஓடும் நாளில் செய்ய வேண்டியது. சும்மா இருக்கும் கம்பியின் வோல்ட், ஸ்கேனர் காட்டிய முகவரிகள், ஒரு வாரத்தில் கடிகாரம் விலகிய விநாடி ஆகிய மூன்றையும் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். பழுது வரும் நாளில் புதிய எண்ணை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வியே எழாது. எந்த எண் மாறியிருக்கிறதோ, வேலையை அங்கே தொடங்கலாம்.